கோணக்கழுத்தியை நிமிர்த்தியவன்

பரிசைப் பிரித்ததும் அய்லி கேட்ட முதல் கேள்வி: "இது யாரோடது?"

அர்வோ அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான். சொந்தப் பொருளே அடையாளம் தெரியவில்லை என்றால் வேலை அவ்வளவு சுத்தம் என்றுதானே அர்த்தம்?

"உன்னோடதுதான். அறுபத்தாறு முடிஞ்சதுக்குத் தம்பியோட பரிசு."

சமையலறை மேசை முழுக்கச் செய்தித்தாளும் சிவப்பு ரிப்பனும். நடுவில் அப்பாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி. குழல் பழைய குழல்தான். தோளில் பதிக்கிற மரக்கட்டை மட்டும் புதிது. வால்நட் மரம், மூன்று பூச்சு எண்ணெய். அதில் முகம் பார்த்து ஷேவ் செய்துகொள்ளலாம். அன்று காலை அர்வோ செய்தும் பார்த்திருந்தான்.

அய்லி துப்பாக்கியை மடக்கித் திறந்தாள். இரண்டு குழலும் காலிதானா என்று குனிந்து பார்த்தாள். மூடினாள். வலது தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தைக் குறி பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்தாள். கடிகாரம் ஒரு நிமிடம் நகர்ந்தது.

மெதுவாக இறக்கி வைத்தாள். "பழைய கட்டை எங்கே?"

"எது, அந்தக் கோணலா?"

"எங்கேன்னு கேட்டேன்."

"அய்லி, அது ஒத்தக் கண்ணு மனுஷனுக்காகச் செஞ்ச கட்டை. உனக்கு ரெண்டு கண்ணும் பளிச்சுனு இருக்கு. இன்னும் எத்தனை வருஷம் அதோட கழுத்தை ஒடிச்சுக்கப் போற? அதான் நேரா, அழகா ஒண்ணு..."

"எங்கே, அர்வோ?"

"பட்டறை வெய்னோகிட்ட அடுப்புல போடச் சொல்லிட்டேன்."

அய்லி அவன் வாங்கி வந்திருந்த கேக்கைத் திரும்ப அட்டைப்பெட்டிக்குள் வைத்தாள். மூடியை அழுத்தினாள். அவன் கையில் கொடுத்தாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

மெழுகுவர்த்தியை யாரும் ஊதவில்லை என்பது அர்வோவுக்குப் படியிறங்கிய பிறகுதான் நினைவு வந்தது. பெட்டிக்குள்ளிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

*

அவன் பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிட வேண்டும். கேட்க வேறு ஆளில்லை.

அய்லியின் மகள் கைசா பத்து நாள் முன்னால் கிராண்ட் ராப்பிட்ஸிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். கை நிறைய வழவழ காகிதங்கள். லிஃப்ட் வைத்த குடியிருப்பு, பனி வாரத் தேவையில்லை, மாடிப்படி இல்லை, கீழ்த்தளத்திலேயே டாக்டர். அம்மா இந்த ஏரிக்கரை வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்பது அவள் கட்சி. அய்லி அந்தக் காகிதங்களை வைத்து, நீராவிக் குளியலுக்கான சாவ்னா அடுப்பைப் பற்றவைத்தாள். நன்றாகவே பற்றிக்கொண்டதாகப் பிறகு அர்வோவிடம் சொன்னாள்.

அன்றிலிருந்து தாயும் மகளும் நேரடியாகப் பேசுவதில்லை. "மாமா, உங்க அக்காகிட்டச் சொல்லுங்க." "அர்வோ, உன் மருமககிட்டச் சொல்லு." நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தபால் பட்டுவாடா செய்தே அவனுக்கு வாய் வறண்டுவிட்டது.

இந்தப் பிறந்தநாளில் வீட்டைச் சமாதானப்படுத்தலாம் என்று நினைத்தான். முப்பத்தோரு வருடம் ஐஸ் ஹாக்கி மைதானத்தில் ஐஸைச் சமப்படுத்தும் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவன் அவன். கீறலோ மேடோ கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. மனைவி விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அன்றுகூட, அந்தக் காகிதத்தின் மடங்கிய மூலையை நீவிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தான்.

அப்படிப்பட்டவன் கண்ணில் அந்தத் துப்பாக்கி நாற்பது வருடமாக உறுத்திக்கொண்டிருந்தது.

அப்பா ஈனோவுக்கு மரம் அறுக்கும் மில்லில் வலது கண் போயிற்று. நாற்பது வயதுக்கு மேல் தோள் மாறிச் சுட வரவில்லை. எனவே கட்டையை மாற்றினார். வலது தோளில் பதிந்து, கன்னத்துக்குக் கீழே பாம்பு மாதிரி நெளிந்து, குழலை இடது கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்துகிற ஒரு கட்டை. வெடிப்பு விழுந்த இடத்தில் இரும்புப் பட்டை. கன்னம் படுகிற இடத்தில் பழைய பூட்ஸிலிருந்து பிய்த்த கம்பளித் துணி. மழையில் ஊறாமல் இருக்கப் படகுக்கு அடிக்கிற பச்சை பெயிண்ட். பார்த்தால், யாரோ கழுத்தைத் திருகிவிட்டுப் பாதியில் மனசு மாறிய வாத்து மாதிரி இருக்கும்.

ஊர் அதற்கு வைத்த பேர் கோணக்கழுத்தி. அப்பா போன பிறகு அது அய்லிக்கு வந்தது.

கிவி ஏரி துப்பாக்கிச் சங்கத்தில், மான் வேட்டைக் காலம் திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை ஒரு போட்டி நடக்கும். இருப்பதிலேயே அவலட்சணமான துப்பாக்கி எது என்று. விதிகள் நான்கே. துப்பாக்கி சுட வேண்டும். சொந்தக்காரர் முப்பதடியில் வைத்த பூசணிக்காயை அதனாலேயே அடிக்க வேண்டும். அசிங்கம் பாடுபட்டு வந்ததாக இருக்க வேண்டும், வேண்டுமென்றே அசிங்கமாக்கினது செல்லாது. சொந்தக்காரர் மேடையில் அதற்காக மன்னிப்புக் கேட்கக் கூடாது. ஜெயித்தவருக்குத் தங்க நிறம் பூசிய கழிப்பறை இருக்கை ஒன்று, ஒரு வருடத்துக்கு.

அந்த இருக்கை தொடர்ந்து ஆறு வருடமாக அய்லி வீட்டு வரவேற்பறையில்தான் தொங்குகிறது. போட்டிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கும்போதுதான் அவள் தம்பி கோணக்கழுத்தியை அழகாக்கியிருந்தான்.

*

ஊருக்கு விஷயம் அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

பேஸ்டி கடையில் வழக்கமாகச் சூடாகக் கிடைக்கும் மாட்டிறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டி அன்று ஆறிப்போயிருந்தது. "சூடா இல்லையே," என்றான். கடைக்காரப் பெண் அவனுக்குப் பின்னால் நின்றவருக்கு ஆவி பறக்க ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "உனக்கு எல்லாம் வழவழன்னு இருந்தாப் போதாதா? அது வழவழன்னுதான் இருக்கு," என்றாள்.

வெய்னோவின் பட்டறை அவன் வீட்டுக் கார் கொட்டகைதான். துப்பாக்கி ரிப்பேர், பனிவண்டி ரிப்பேர், கேட்டால் பல் செட்டும் ஒட்டிக் கொடுப்பான். சனிக்கிழமைக்குத் தயாராக அங்கே ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. போதகர், பழைய தேவாலய பெஞ்சின் கையை அறுத்துக் கட்டையாக வைத்த தன் துப்பாக்கிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தபால்காரி நெல்மா மடியில் ஒரு ஒற்றைக் குழல். அதன் அடியில் செப்புக் குழாயும் வண்டி கியரின் குமிழும்.

"இந்தப் பக்கம் உக்காருங்க பாஸ்டர், இவளோட இடது பக்கம் பார்க்கவே சகிக்காது," என்றாள் நெல்மா பெருமையாக.

"என்னோடது போன வருஷத்தைவிட மோசமாயிடுச்சு. பெஞ்சுல யாரோ சின்ன வயசுல செதுக்கின பேரு இப்பத்தான் பெயிண்ட்டுக்கு அடியிலருந்து வெளிய வருது," என்றார் போதகர். குழந்தைக்குப் பல் முளைத்ததைச் சொல்கிற முகம்.

அர்வோ உள்ளே வந்தான்.

"வந்துட்டார்யா ஐஸ் வண்டி," என்றாள் நெல்மா. போதகர் தன் துப்பாக்கியை எடுத்துச் சுவரோரமாக, அவன் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தார்.

வெய்னோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். "அய்லிதான் மாத்தச் சொன்னான்னு சொன்னே."

"ஆமா. அதாவது, மனசுக்குள்ள சொல்லியிருப்பான்னு..."

"ரெண்டு தடவ கேட்டேன். நிஜமாத்தானான்னு."

"கேட்டே."

"நிஜமாத்தான்னே."

"சொன்னேன்பா. நான் கழுதை. ஒத்துக்கறேன். இப்பச் சொல்லு, எரிச்சிட்டியா?"

"நான் எரிப்பேனா? பல்லு புடுங்கற டாக்டர் பல்லைத் திங்கறானா?" வெய்னோவுக்குக் கோபத்தில் காது சிவந்தது. "ஜன்னல்ல பத்திரமா வெச்சிருந்தேன். அய்லி வந்து ஒரு வார்த்தை கேக்கட்டும்னு. நான் டவுனுக்குப் போயிருந்தப்ப அந்தக் கரடிப்பாறை விடுதிக்காரன் வந்திருக்கான். சுவத்துல மாட்டப் பழைய சாமான் வேணும்னு. என் பொண்டாட்டி துருப்பிடிச்ச ரம்பம், பனிக்காலணி எல்லாம் போட்டுக் கொடுத்த பெட்டியோட அதையும் தூக்கிக் கொடுத்துட்டா."

எரியவில்லை. அர்வோவுக்கு உயிர் வந்தது. "சரி, அவன் தரலேன்னா? நீயே அதே மாதிரி ஒண்ணு செஞ்சுடேன்."

கொட்டகையில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், இவனுக்கு எதுவுமே தெரியாது என்கிற பார்வை.

"அந்தக் கிளையத் தேடி உங்கப்பா ரெண்டு குளிர்காலம் காட்டுல அலைஞ்சார்," என்றான் வெய்னோ. "வளைஞ்சே வளர்ந்த பிர்ச் கிளை. மரத்தோட ரேகை அந்த வளைவு கூடவே போகுது, அதான் தாங்குது. நேர்ப் பலகைய வாங்கி வளைவா அறுத்தா மூணாவது வெடியில பொளந்து மூஞ்சில அடிக்கும். சனிக்கிழமைக்குள்ள எனக்கு ஒரு மரம் வளத்துக் கொடு, செஞ்சு தர்றேன்."

"நான் ஒண்ணு கேக்கறேன். கோவப்படாதீங்க. ஒரு கழிப்பறை இருக்கைக்காகவா அவ இப்படி இருக்கா? கடிகாரத்தைக் குறி பார்த்துட்டு எறக்கினப்ப அவ மொகத்தைப் பார்த்தேன். அப்பா செத்தப்பகூட அப்படி இல்ல. அந்தக் கட்டையில என்னதான் இருக்கு?"

நெல்மா தன் செப்புக் குழாயைத் துடைக்க ஆரம்பித்தாள். போதகர் கூரையைப் பார்த்தார். "அதை அய்லிதான் சொல்லணும்," என்றார்.

"வெய்னோ?"

வெய்னோ கண்ணாடியைத் திரும்பக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டான். "ரெண்டு வருஷம் முன்னாடி கன்னத் துணிய இன்னும் கொஞ்சம் ஏத்தித் தரச் சொல்லி வந்தா. ஏத்திக் கொடுத்தேன். அதுக்கு மேல என்கிட்ட கேக்காதே."

"நேரா ஒரு பதில் சொல்ல இந்த ஊர்ல ஆளே இல்லையா?"

"நேராக்கினதெல்லாம் போதும்," என்றாள் நெல்மா.

*

கரடிப்பாறை விடுதிக்குப் போகிற வழியில் கைசாவையும் ஏற்றிக்கொண்டான். அவள் சாலையோரம் பனியில் நின்று கை காட்டினாள். அம்மாவோடு ஒரே கூரையின் கீழ் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்றாள்.

"ஒண்ணும் பேசமாட்டேங்கறா மாமா. அந்தத் துப்பாக்கிய மடியில வெச்சுக்கிட்டு ஏரியைப் பார்த்து உக்காந்திருக்கா. நான் இருநூறு மைலுக்கு மேல வண்டி ஓட்டிட்டு வந்தப்ப, 'செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா'ன்னா. அவ்வளவுதான். ஒரு மரக்கட்டைக்கு இப்படி. நான் யாரு அந்த வீட்டுல?"

"உனக்குப் பச்சை பெயிண்ட் அடிக்கலையே, அதான்."

"சிரிக்காதீங்க."

அவன் சிரிப்பை விழுங்கிக்கொண்டான். கைசாவின் கோபம் பொய்யில்லை. இரண்டு மைல் தாண்டியதும் திடீரென்று கேட்டாள்: "அம்மா ஏன் இப்பல்லாம் வண்டியே எடுக்கறதில்ல?"

"பெட்ரோல் விக்கற விலையில..."

"அவளும் அதையேதான் சொன்னா. அதே வார்த்தை. நீங்க சொல்லிக் கொடுத்தீங்களா, அவ சொல்லிக் கொடுத்தாளா?"

அவள்தான். இரண்டு வருடமாக வாரம் இரண்டு முறை அவளைக் கடைக்கு ஏற்றிக்கொண்டு போகிறவன் அவன். கஞ்சத்தனம் என்று ஊரெல்லாம் கேலி பேசியிருக்கிறான். பேச்சை மாற்றத் தோன்றியது. மாற்றினான்.

விடுதிக்கு வயது எட்டு மாதம். பார்க்கிறவர்களுக்கு நூற்றிருபது வருடம் என்று தோன்ற வேண்டும் என்பதற்காக நிறையச் செலவழித்திருந்தார்கள். சொந்தக்காரர் விட்லாக் சிக்காகோவிலிருந்து வந்தவர். புதுச் சட்டை, மரம்வெட்டிகள் போடுகிற மாதிரி கட்டம் போட்டது, மடிப்புக்கூடக் கலையவில்லை.

அர்வோவின் கண் நேராக மதுமேசைக்கு மேலே போனது.

தலைகீழாக மாட்டியிருந்தார்கள். இரும்புப் பட்டைக்குப் பக்கத்தில் துளை போட்டு, கட்டைவிரல் மொத்தத்துக்கு ஒரு திருகாணி. வளைவில் யாருடைய மேல்கோட்டோ தொங்கியது. கன்னத் துணியில், அப்பா கன்னம் பதித்துப் பதித்து வழுவழுத்த அந்த இடத்தில், ஒரு சிவப்புத் தொப்பி. கீழே சட்டம் போட்ட அட்டை: 'மரம்வெட்டி ஒருவரின் மரக்கால். தடவினால் அதிர்ஷ்டம்.'

அர்வோவுக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தால் எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்கே தெரியாது. முதலில் கையில் வந்தது. தொப்பியை எடுத்து மேசையில் அடித்தான். கோட்டை எடுத்து நாற்காலியில் போட்டான்.

"யோவ். இது எங்கப்பாவோடது."

"உங்கப்பாவுக்கா?" விட்லாக் உண்மையாகவே வருத்தப்பட்டார். "எந்தக் கால்?"

"எங்கப்பாவுக்கு ரெண்டு காலும் சாகற வரைக்கும் இருந்துச்சு. கண்ணுதான் ஒண்ணு கம்மி. இது துப்பாக்கிக் கட்டை. இதுல எவன் காலை விடுவான்? ஒத்தக் கண்ணை வெச்சுக்கிட்டு இதால முப்பது வருஷம் எங்களுக்குக் கறி கொண்டுவந்தார். இதுல போய் ஓட்டை போட்டிருக்கீங்க."

"அப்ப அட்டையை மாத்தி எழுதிடறேன். ஒத்தக் கண்ணு வேட்டைக்காரர். அதுவும் நல்லாத்தான் இருக்கு."

"நீங்க ஒரு எழவும் எழுத வேண்டாம்," என்றாள் கைசா. குரல் ஏறியதில் ஓரத்து மேசையில் சூப் குடித்தவர்கள் கரண்டியை வைத்தார்கள். "எங்க தாத்தாவை உங்க கோட்டு மாட்டற ஆணியா ஆக்கிட்டு, அட்டைய மாத்தறேங்கறீங்க. கழட்டிக் கொடுங்க."

ஏரிக்கரை வீட்டை விற்றே தீர வேண்டும் என்கிறவளா இவள்? அர்வோ ஒரு நொடி கோபத்தை மறந்து அவளைப் பார்த்தான்.

விட்லாக் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தார்.

"பாருங்க. இங்க தொங்கற கொம்பெல்லாம் பிளாஸ்டிக். அந்த ரம்பம் நான் வாங்கினப்புறம் துருப்பிடிக்க வெச்சது. இந்தக் கூடத்துல பொய் இல்லாத சாமான் இது ஒண்ணுதான். என்னன்னு தெரியாமலே இது மேல எனக்கு ஒரு இது வந்துடுச்சு. காலையில கதவைத் திறந்ததும் முதல்ல இதைத்தான் பார்க்கறேன்." அர்வோ பக்கம் திரும்பினார். "அடுப்புல போடச் சொன்னது நீங்கதானாமே? பட்டறைக்காரர் சம்சாரம் சொன்னாங்க. அப்பா ஞாபகம்னா யாராவது அப்படிச் சொல்லுவாங்களா?"

கேள்வி நியாயமானது. அது கோபத்தை இன்னும் கூட்டியது.

"அக்காவோட பொறந்தநாள்," என்றான்.

"வாழ்த்துச் சொல்லுங்க."

"சனிக்கிழமை போட்டி. அவலட்சணத் துப்பாக்கிப் போட்டி. இது இல்லேன்னா அவ தோத்துடுவா."

"ஆறு வருஷமா அவங்கதான் ஜெயிக்கறாங்கன்னு ஊரே சொல்லுது. ஊர்ல மத்தவங்க எனக்கு நன்றி சொல்லுவாங்க."

"இதைக் கழட்டலேன்னா ராத்திரி எங்கப்பா ஆவி வந்து..."

"ஆவி வந்தா இந்த எடம் இன்னும் நல்லா ஓடும்," என்றார் விட்லாக். சிரிக்கவில்லை. "நான் பிடிவாதக்காரன் இல்ல. நீங்க எறிஞ்சீங்க, நான் எடுத்து வெச்சேன். அது இப்ப ஏன் திரும்ப வேணும்? ஒரே ஒரு நேரான காரணம். சொல்லுங்க, இப்பவே கழட்டித் தர்றேன். துணியில சுத்தித் தர்றேன்."

கைசா மாமாவைப் பார்த்தாள். "சொல்லுங்க மாமா. அம்மாவுக்கு அது ஏன் வேணும்?"

வாயைத் திறந்தால் ஏதாவது வேடிக்கை தானாக வந்து விழுகிற வாய் அது. திறந்தான்.

"எனக்குத் தெரியாது," என்றான்.

*

நவம்பரில் ஐந்து மணிக்கே ஏரி இருண்டுவிடும். கைசா சாவ்னாவுக்கு விறகு எடுக்கப் பின்பக்கம் போனாள். அர்வோ கதவைத் தட்டாமலே சமையலறைக்குள் வந்தான். தட்டினால் திறந்திருக்க மாட்டாள்.

அய்லி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் துப்பாக்கி, மடக்கித் திறந்தபடி. வால்நட் கட்டை விளக்கொளியில் அசிங்கமாகப் பளபளத்தது.

"எரியல," என்றான். "கரடிப்பாறை விடுதியில இருக்கு. கோட்டு மாட்டற கொக்கியா. ஓட்டை போட்டுட்டான்."

அய்லியின் விரல்கள் குழலை இறுக்கின. "தர்றானா?"

"ஒரு நேரான காரணம் கேக்கறான். சொன்னா உடனே தருவானாம். நானும் காலையிலருந்து அதையேதான் கேட்டுக்கிட்டுத் திரியறேன். வெய்னோ கண்ணாடிய எறக்கிக்கறான். போதகர் மேல பார்க்கறார். எங்கிட்ட மட்டும் எல்லாரும் வாயை மூடிக்கிறாங்க. நான் யாரு, ஊர்க் கோமாளியா?"

"அதுல உனக்குச் சந்தேகம் வேறயா?"

"அய்லி."

அவள் எழுந்தாள். இரண்டு குவளை எடுத்து வைத்துக் காபி ஊற்றினாள். அவன் குவளை நிறைந்தது. அவளுடையதில் பாதி உள்ளே, பாதி மேசையில். துணி எடுத்துத் துடைத்தாள், எதுவும் நடக்காதது மாதிரி. இதையும் இரண்டு வருடமாகப் பார்க்கிறான். கிழவியாகிவிட்டாய் என்று கேலி செய்திருக்கிறான்.

"உன்மேல எனக்கு ஆத்திரம் இன்னும் தீரல," என்றாள். "கேக்காம எடுத்தே. என் பேரைச் சொல்லிப் பொய் சொன்னே. நாலு பேருக்குச் சோறு போட்ட மரத்தைக் குப்பைன்னு முடிவு பண்ணினே. வழவழன்னு இல்லாத எதையும் உன்னால விட்டுவைக்க முடியாது. அதை நான் சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவேன்."

"சொல்லிக் காட்டு."

"இப்ப சொல்லப்போறது இந்த சமையலறையத் தாண்டக் கூடாது. முக்கியமா கைசா காதுக்குப் போகக் கூடாது. போச்சுன்னா நாளைக்கே வீட்டு வாசல்ல விற்பனைப் பலகை நட்டுடுவா. சத்தியம் பண்ணு."

அர்வோ துப்பாக்கி மேல் கை வைத்தான்.

"அந்தக் கட்டை மேல இல்ல. குழல் மேல வை. அது மட்டும்தான் இப்ப அப்பாவோடது."

குழல் குளிர்ந்திருந்தது. "சத்தியம்."

"தோள் மாத்திச் சுடலாமேன்னு கேப்பே. மாத்திப் பார்த்தேன். சாவ்னா கூரையிலருந்து விழுந்த வருஷத்துலருந்து இடது தோள் உதை தாங்கறதில்ல. வேற துப்பாக்கி எடுத்துக்கலாமேம்பே. இருக்கற எல்லாத்தையும் எடுத்துப் பார்த்தாச்சு. சுவரு தெரியுது. சுவத்துல இருக்கற கடிகாரம் தெரியல."

அர்வோ காலையில் அவள் கடிகாரத்தைக் குறி பார்த்த அந்த நீளமான நிமிடத்தை நினைத்தான்.

"நீ எதிர்ல உக்காந்திருக்கே," என்றாள் அய்லி. இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டாள். "இப்ப உன் காது தெரியுது. சட்டைக் காலர் தெரியுது. மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல சாம்பல் கலர்ல ஒரு வட்டம். அது ஒண்ணும் பெரிய நஷ்டமில்ல." கையை எடுத்தாள். "வலது கண்ணு போயிடுச்சு, அர்வோ. ரெண்டு வருஷமாச்சு. திரும்ப வராதுன்னுட்டாங்க. அந்தக் கோணக்கழுத்தியில மட்டும்தான் எனக்கு மான் தெரியும்."

வெளியே படியில் கைசாவின் பூட்ஸ் பனியை உதறிக்கொண்டிருந்தது.

அர்வோ கையை நீட்டி, அவளுடைய குவளையை மெதுவாக அவள் இடது பக்கம் நகர்த்தி வைத்தான்.